வெளிநாட்டுக் காசு வீடு வந்து சேரும் வழி: மலையகத்திலிருந்து போகிறவர்களுக்கு

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதி தாண்டினால் என் போனுக்கு ஒரே கேள்விதான் வரும். "அண்ணே, இன்னைக்கு ரேட் எவ்வளவு?" குவைத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்பாள், ரியாத்திலிருந்து ஒரு மச்சான் கேட்பார், மாலைதீவு ஹோட்டலில் நிற்கிற பக்கத்து லயத்துப் பையன் கேட்பான். ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஒன்பது வருஷம் பெட்டி அடுக்கிவிட்டு ஹட்டனுக்குத் திரும்பியவன் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை.

ரேட்டைப் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். காசு யாருடைய பெயரில் வந்து விழுகிறது, அதற்கு என்ன தாள் கையில் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ரேட்டில் ஏமாந்தால் மாதம் ஆயிரம், இரண்டாயிரம் போகும். எட்டு வருஷம் அரபி வீட்டில் உழைத்துவிட்டு வந்து, புருஷன் பெயரில் இருந்த புத்தகத்தில் நானூற்றிச் சொச்சம் ரூபா மிச்சம் பார்த்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அவர் ஒரு மாதம்கூட ரேட்டில் ஏமாந்தவர் இல்லை. அதனால் ரேட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: பறப்பதற்கு முன் உங்கள் பெயரில் ஒரு கணக்கு

மெடிக்கல் எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே வங்கிக்குப் போங்கள். அதற்கு முன் போகாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

நம் ஆட்களுக்குப் பெயர்தான் முதல் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பள்ளிக்கூட லீவிங்கில் இன்னொரு பெயர். தோட்டத்தில் யாரோ ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியது, சிங்களத்துக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்திருக்கும். லெட்சுமி, லக்ஷ்மி, லட்சுமி மூன்றும் நமக்கு ஒருத்திதான். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். அப்பா பெயர் ஒரு தாளில் முதலெழுத்தாக நிற்கும், இன்னொன்றில் முழுசாகக் கடைசியில் நிற்கும். வெளிநாட்டில் காசு அனுப்புகிற கடையில் உங்கள் அரபு நாட்டு அடையாள அட்டையைத்தான் பார்ப்பார்கள். அதிலுள்ள பெயர் பாஸ்போர்ட்டிலிருந்து வந்தது. ஊர்க் கணக்கில் பெயர் வேறு மாதிரி இருந்தால் காசு நடுவில் நின்றுவிடும். நின்ற காசைத் திருப்பி எடுக்க ஒரு கிழமையும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஆகவே பாஸ்போர்ட்டைக் காட்டி, அதில் உள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய கணக்கு இருந்தால் பெயரைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக இருக்கிற பழைய அடையாள அட்டையை 12 இலக்கப் புதிய அட்டையாக மாற்றியிருந்தால் வங்கிக்கு அதையும் அறிவியுங்கள்.

இரண்டாவது சிக்கல் முகவரி. கொழும்பில் வீட்டு இலக்கம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நமக்கு லயத்துக்கெல்லாம் சேர்த்து ஒரு தோட்டத்துப் பெயர். கடிதம் தோட்டத்து ஒஃபீஸுக்கு வந்து, அங்கே கிடந்து, யாராவது எடுத்து வந்து கொடுத்தால் உண்டு. லைட் பில்லும் பெரும்பாலும் நம் பெயரில் இருக்காது. இதற்குக் கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போங்கள். ஏ.டி.எம். கார்டைத் தபாலில் அனுப்பச் சொல்லாதீர்கள், கிளையிலேயே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லுங்கள்.

எந்த வங்கி என்று கேட்பார்கள். அம்மா ஒரே பஸ்ஸில் போய் வரக்கூடிய கிளை எதுவோ அதுதான். மஸ்கெலியாவில் இருக்கிறவருக்கு நுவரெலியாவில் கணக்கு எதற்கு? இலங்கை வங்கி, மக்கள் வங்கி, ஹட்டன் நெஷனல் வங்கி மூன்றுக்கும் மலையக டவுன்களில் கிளைகள் உண்டு. ஹட்டன் நெஷனலின் தொடக்கமே 1888 இல் நம் ஹட்டன் டவுனில்தான். அன்றைக்கு அது தோட்டத்துத் துரைமாரின் காசுக்காகத் திறந்த வங்கி. இன்றைக்கு அந்த டவுன் கவுண்டர்களில் ரியாலுக்கும் தினாருக்கும் வரிசையில் நிற்பது துரைமாரிடம் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

கணக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒன்று உங்கள் பெயரில் மட்டும். மற்றது வீட்டுச் செலவுக்காக அம்மா பெயரிலோ புருஷன், பெண்சாதி பெயரிலோ. சம்பளம் முழுவதையும் முதலாவது கணக்குக்கு அனுப்புங்கள். அதிலிருந்து மாதாமாதம் ஒரு குறித்த திகதியில் குறித்த தொகை இரண்டாவது கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் நிலையான கட்டளை எழுதிக் கொடுத்துவிடலாம். ஒரு தாளில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். கொத்தனாருக்குக் கொடுக்க, பிள்ளை டியூஷனுக்கு, கோயில் திருவிழாவுக்கு என்று கேட்டு வாங்கட்டும். கேட்டுக் கொடுத்த காசுக்குக் கணக்கு இருக்கும்.

காசு எடுக்கிற தாள்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். ஏ.டி.எம். கார்டையும் இரகசிய இலக்கத்தையும் சேர்த்துக் கொடுப்பதும் அதே மாதிரிதான்.

போன் நம்பர் சின்ன விஷயம், ஆனால் ஆட்களைக் கவிழ்த்துவிடும். வங்கியில் கொடுத்த இலங்கை சிம்முக்குத்தான் ஓ.டி.பி. வரும். அந்த சிம்மைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனால் கணக்கின் சாவியும் தம்பியிடம். ரோமிங் போட்டு உங்களோடு எடுத்துப் போங்கள். இடைக்கிடை ரீலோட் பண்ணுங்கள், இல்லாவிட்டால் சிம் செத்துப்போய் நம்பர் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

முடிந்தால் அதே நாளில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றையும் திறந்து வையுங்கள். டொலர் எக்கவுண்ட் என்று சொன்னால் கவுண்டரில் விளங்கிக்கொள்வார்கள். முன்பு என்.ஆர்.எஃப்.சி. என்றார்களே, 2017 ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குப் பிறகு அதுதான் இந்தப் பெயரில் வருகிறது. ஊருக்கு உடனே தேவைப்படாத காசை டொலராகவே வைத்திருக்கலாம். ரூபா விழுந்தால் உங்கள் சேமிப்பு அதோடு சேர்ந்து விழாது. 2022 இல் ரூபாவில் சேமித்து வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: பீரோ பதிவு

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகாதீர்கள். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த பணியகம் அது. பதிந்தவருக்குக் காப்புறுதி உண்டு, அங்கே சம்பளம் தராவிட்டால் முறையிட ஒரு கதவு உண்டு. 1989 என்ற பணியகத்தின் போன் நம்பரை வீட்டிலும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள். விசிட் விசாவில் கூட்டிப்போகிறேன் என்று சொல்கிற சப் ஏஜென்ட் இந்தப் படியைத்தான் முதலில் தாண்டச் சொல்வான்.

மூன்றாம் படி: ரேட் பலகையை வாசிக்கப் பழகுதல்

வங்கிப் பலகையில் இரண்டு வரிசை இருக்கும், வாங்கும் விலை, விற்கும் விலை. வாங்குவதும் விற்பதும் வங்கி என்று வைத்துக்கொண்டு வாசியுங்கள். உங்களிடமிருந்து வங்கி டொலரை வாங்குகிறது, ஆகவே உங்களுக்குக் கிடைப்பது குறைந்த விலை. வாங்கும் விலையிலேயே நோட்டுக்கு ஒன்று, தந்திப் பரிமாற்றத்துக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும். கணக்கு வழியாக வருகிற காசுக்குப் பெரும்பாலும் நோட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். போனில் கூகுள் காட்டுவது இரண்டுக்கும் நடுவே உள்ள விலை. அந்த விலையில் யாரும் உங்களுக்குக் காசு தரமாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரனிடம் சண்டை பிடிக்காதீர்கள், ஆனால் எவ்வளவு இடைவெளி வைக்கிறான் என்று அளக்க அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்கேயுள்ள நாணயங்கள் பலவும் டொலரோடு கட்டப்பட்டவை. ஒரு டொலர் 3.6725 திர்ஹம், 1997 இலிருந்து மாறவில்லை. சவூதி ரியால் 3.75, அது 1986 இலிருந்து. கட்டார் ரியால் 3.64. பஹ்ரைன் தினார் 0.376, ஓமான் ரியால் 0.3845. குவைத் தினார் மட்டும் 2007 இலிருந்து பல நாணயங்கள் சேர்ந்த ஒரு கூடையோடு ஓடுகிறது, அதனால் அது கொஞ்சம் ஆடும். ஆகவே டொலர் விலை ஒன்று தெரிந்தால் மற்றதெல்லாம் வகுத்தல் கணக்கு. டொலர் 300 ரூபா என்று வையுங்கள்: திர்ஹம் 81.69, சவூதி ரியால் சரியாக 80, கட்டார் ரியால் 82.42, ஓமான் ரியால் 780.23. (இந்த 300 கணக்குக்காக எடுத்தது. அன்றன்றைய விலையை இலங்கை மத்திய வங்கியின் தளத்தில் பாருங்கள்.) "திர்ஹம் ஏறப்போகுதாம்" என்று ரூமில் யாராவது சொன்னால், திர்ஹம் எங்கேயும் ஏறாது. ரூபா இறங்கினால்தான் உண்டு.

நான்காம் படி: ரேட்டைப் பார்க்காதே, கையில் வருவதைப் பார்

"கட்டணம் இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் கடை கட்டணத்தை ரேட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கும். அதற்காக அது எப்போதும் மோசம் என்றும் இல்லை. நான் ஷார்ஜாவில் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் போட்ட கணக்கை இப்போது வேறு எண்களில் போட்டுக் காட்டுகிறேன்.

முதல் கடை: ரேட் 81.20, கட்டணம் 20 திர்ஹம், கட்டணத்துக்கு ஐந்து வீத வரி 1 திர்ஹம். ஆக 21 போகும். இரண்டாவது கடை: கட்டணம் இல்லை, ரேட் 79.60.

உங்கள் கையில் மொத்தம் 1,000 திர்ஹம் இருந்தால், முதல் கடையில் 979 போகும், வீட்டுக்கு 79,494 ரூபா. இரண்டாவதில் ஆயிரமும் போகும், 79,600 ரூபா. "கட்டணம் இல்லை" கடைதான் வென்றது. கையில் 2,500 திர்ஹம் இருந்தால், முதல் கடையில் 2,479 போகும், 201,294 ரூபா. இரண்டாவதில் 199,000. இப்போது முதல் கடை 2,294 ரூபா கூடுதல். இந்த இரண்டு கடைக்கும் நடுக்கோடு ஏறக்குறைய 1,066 திர்ஹத்தில் விழுகிறது.

ஆகவே கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நான் இவ்வளவு தந்தால் ஊரில் எத்தனை ரூபா விழும்?" பதிலை இரண்டு கடையில் கேட்டுவிட்டுப் போங்கள். சவூதியில் கட்டணத்துக்கு வரி 15 வீதம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: மாதத்தில் மூன்று தடவை சின்னச் சின்னதாக அனுப்பினால் மூன்று கட்டணம். வீட்டில் அவசரம் என்று ஒவ்வொரு தடவையும் ஓடாமல் ஒரே தடவையில் அனுப்பி, ஊரில் கணக்கிலிருந்து பிரித்துக் கொடுப்பது மேல்.

ஐந்தாம் படி: எந்த வழியில்

கணக்குக்குக் கணக்கு. எக்ஸ்சேஞ்ச் கடை வழியாகவோ அதன் செயலி வழியாகவோ ஊர் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்புவது. பெரும்பாலானோருக்கு இதுதான் சரி. அன்றோ மறுநாளோ விழுந்துவிடும். படிவத்தில் ஐபான், அதாவது சில நாடுகளில் கணக்குக்குக் கொடுக்கிற நீளமான சர்வதேச இலக்கம், கேட்டால் திகைக்காதீர்கள். இலங்கையில் ஐபான் கிடையாது. கணக்கு இலக்கம், வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு (வெளிநாட்டு வங்கிகள் நம் வங்கியை அடையாளம் காணும் குறியீடு), கிளையின் பெயரும் இலக்கமும் கொடுத்தால் போதும். இந்த மூன்றையும் ஊரிலிருந்து கிளம்பும்போதே வங்கியில் எழுதி வாங்கிப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

காசாக எடுப்பது. வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் போன்றவை. பத்து நிமிஷத்தில் அம்மா டவுனில் எடுக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவு, சாவு வீடு, இப்படி அவசரத்துக்கு நல்லது. மாதாமாதம் இதையே பிடித்துக்கொண்டிருந்தால் உங்கள் கணக்கில் ஒரு வரலாறு சேராது. பின்னால் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது வங்கி மனேஜர் பார்ப்பது அந்த வரலாற்றைத்தான். அம்மாவின் அடையாள அட்டையில் உள்ளபடி பெயரை அனுப்புங்கள், வீட்டில் கூப்பிடுகிற பெயரை அல்ல. "பாப்பாத்தி" என்று அனுப்பிவிட்டு, அட்டையில் "பார்வதி" என்று இருந்து, கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்கு மூன்று தரம் நடையாய் நடந்த கிழவியை நானே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

வங்கிக்கு வங்கி ஸ்விஃப்ட். அங்கேயுள்ள வங்கியிலிருந்து நேராக அனுப்புவது. நடுவில் இருக்கிற வங்கியும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பெரிய தொகைக்கும் டொலர் எக்கவுண்டுக்கும்தான் இது பொருந்தும். சம்பளக் காசுக்கு வேண்டாம்.

ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவதைப் பற்றி என்ன சொல்ல. நான்கு பேர் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுப்பார்கள், ஐந்தாமவர் கட்டுநாயக்கவில் இறங்கி "தம்பி, ஒரு அவசரமாப் போச்சு" என்பார்.

உண்டியல் பற்றி

உண்டியல் என்றால் வங்கிக்கு வெளியே, ஆள் வழியாகக் காசு அனுப்புவது. இதைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் எல்லோரும் உண்டியலில் அனுப்பியிருக்கிறோம். நானும்தான்.

2021 கடைசியில் வங்கி ஒரு டொலருக்கு இருநூற்றிச் சொச்சம் தந்தபோது வெளியே அதைவிடக் கனமாகத் தந்தார்கள். மத்திய வங்கி டொலருக்கு 2 ரூபா ஊக்கத்தொகையை 10 ரூபாவாகக் கூட்டிப் பார்த்தது, அதுவும் எட்டவில்லை. ரூமில் பத்துப் பேரில் எட்டுப் பேர் உண்டியல். நாடு முழுக்க அப்படித்தான் இருந்திருக்கிறது: வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பியது 2020 இல் 7.1 பில்லியன் டொலர், 2022 இல் 3.8 பில்லியன். மருந்துக்கும் சமையல் கேஸுக்கும் டொலர் இல்லாமல் நாடு கிடந்த வருஷம் அது. அந்த மாதங்களில் ஊரில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றதும் நம் வீட்டு ஆட்கள்தான். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்ட பிறகு வங்கி விலை வெளி விலையைப் பிடித்துவிட்டது. இப்போது உண்டியல்காரன் கூடுதலாகத் தருவது சில சதங்களோ ஒரு ரூபாவோ. அன்றைக்கு இருந்த காரணம் இன்றைக்கு இல்லை.

ஆபத்து மட்டும் குறையவில்லை, கூடியிருக்கிறது. உண்டியலில் நீங்கள் அங்கே கொடுத்த திர்ஹம் இங்கே வருவதில்லை. இங்கே இருக்கிற யாரோ ஒருவருடைய ரூபா உங்கள் அம்மாவின் கணக்கில், காசு போடுகிற மெஷின் வழியாக விழும். அந்த ரூபா எங்கிருந்து வந்தது? கடைக்காரனுடையதாகவும் இருக்கலாம், போதைத்தூள் வியாபாரியுடையதாகவும் இருக்கலாம். பொலிஸ் அந்த ஆளைத் தேடிக்கொண்டு போகும்போது, அவன் காசு போட்ட கணக்குகளையும் தேடும். பணம் தூயதாக்கலுக்கு, அதாவது கள்ளக் காசை நல்ல காசாக்குவதற்கு, எதிராக 2006 இலேயே சட்டம் இருக்கிறது. கணக்கை முடக்கினால், கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மா "இது என் மகன் அனுப்பின காசு" என்று எதை வைத்துக் காட்டுவார்? உங்களிடம் சிலிப் இல்லை. அனுப்பியவன் பெயர் தெரியாது.

இதே போல இன்னொரு வலையும் இருக்கிறது. "உங்க கணக்குல காசு விழும், பத்து வீதத்தை நீங்க எடுத்துக்கிட்டு மிச்சத்தை நாங்க சொல்ற கணக்குக்கு மாத்துங்க" என்று டவுன் பையன்களைப் பிடிக்கிறார்கள். கணக்கை வாடகைக்குக் கொடுப்பது அது. பொலிஸ் கேஸ் வந்தால் அது கணக்குக்காரன் மேல்தான் விழும்.

ஆறாம் படி: முதல் தடவை அனுப்பும்போது

முதல் சம்பளத்தில் முழுத் தொகையையும் அனுப்பாதீர்கள். 100 திர்ஹமோ 10 தினாரோ அனுப்பி, அது விழுந்ததை வீட்டிலிருந்து உறுதி செய்த பிறகு மீதியை அனுப்புங்கள். ஒரு கட்டணம் வீண்தான். ஓர் இலக்கம் மாறி வேறு ஆளின் கணக்குக்குப் போன காசைத் திரும்ப எடுக்க ஆகிற அலைச்சலை நினைத்தால் அது ஒன்றுமில்லை.

சிலிப்பைப் படம் எடுத்து வீட்டுக்கு வட்ஸப்பில் அனுப்புங்கள், தாளைப் பெட்டியில் போட்டு வையுங்கள். அந்தத் தாள் வெயிலுக்கும் வேர்வைக்கும் மூன்று மாதத்தில் வெளுத்துப்போகும், அதனால் படம் முக்கியம். அனுப்பிய காரணம் என்ற இடத்தில் குடும்பச் செலவு என்றோ சேமிப்பு என்றோ உண்மையை எழுதுங்கள். ஊரில் பத்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட பரிமாற்றங்களை வங்கி மேலே அறிவிப்பது வழமை. சம்பளத் தாளும் சிலிப்பும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

நாள் பார்த்து அனுப்புங்கள். நல்ல நேரம் இல்லை, வங்கி நாள். சவூதி, குவைத், கட்டாரில் வெள்ளி, சனி லீவு. துபாய்ப் பக்கம் 2022 இலிருந்து சனி, ஞாயிறு. நமக்கு சனி, ஞாயிறோடு மாதா மாதம் போயா நாளும் வங்கி லீவு. வியாழன் மாலை ரியாத்திலிருந்து போகிற காசு, வெள்ளி போயா என்றால், திங்கள்தான் கையில். தீபாவளிக்கும் சித்திரைக்கும் ஒரு கிழமை முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். முதல் நாள் ஹட்டன் டவுனில் ஏ.டி.எம். வரிசை பஸ் ஸ்டாண்ட் வரை போகும், மெஷினில் காசும் தீர்ந்துபோகும்.

வீட்டு வேலைக்குப் போன அக்கா, தங்கச்சிமாருக்கு

மேலே சொன்னதெல்லாம் வெள்ளிக்கிழமை லீவு கிடைத்து, கடைத்தெருவுக்கு நடந்து போகக்கூடிய ஆணுக்குச் சொன்னது போல இருக்கும். அரபி வீட்டில் வாசல் தாண்ட முடியாதவருக்கு வழி வேறு.

சம்பளத்தை "நானே அனுப்பிவிடுகிறேன்" என்று மேடம் சொன்னால், உங்கள் பெயரில் உள்ள கணக்கின் விவரத்தைக் கொடுங்கள், ஒவ்வொரு தடவையும் சிலிப்பைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு சின்னக் கொப்பியில் மாதம், தொகை, திகதி எழுதுங்கள். "மொத்தமாகச் சேர்த்துக் கடைசியில் தருகிறேன்" என்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். இரண்டு மாதம் தாண்டினால் வீட்டுக்குச் சொல்லிப் பணியகத்தில் முறையிட வையுங்கள். சவூதியில் வீட்டு வேலைக்காரர்களின் சம்பளத்தைக் கணக்கு வழியாகவே கொடுக்க வேண்டும் என்ற விதியை 2024 ஜூலையிலிருந்து படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். முசானித் என்ற பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அது வீட்டு வேலைக்காரர்களுக்கான சவூதி அரசாங்கத்தின் இணையத்தளம். அந்த நாட்டு அடையாள அட்டை உங்களுடையது, உங்கள் கையில் இருக்க வேண்டியது. அது இல்லாமல் எந்தக் கடையிலும் உங்கள் பெயரில் காசு அனுப்ப முடியாது.

ரேட்டுக்காகக் காத்திருக்கலாமா?

கடன் இருக்கும்வரை கூடாது. ஏஜென்சிக்குக் கட்ட ஒரு இலட்சத்தை நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கிவிட்டுப் போயிருக்கிறீர்கள் என்றால் மாதம் 5,000 ரூபா வட்டி. திர்ஹம் ஒரு ரூபா ஏறட்டும் என்று 1,200 திர்ஹத்தை ஒரு மாதம் ரூமில் பூட்டி வைத்தால், ஏறினால்கூட 1,200 ரூபாதான் இலாபம். அடகில் இருக்கும் தாலிக்கொடிக்கும் இதே கணக்கு. முதலில் கைவட்டி, பிறகு அடகு, அதன் பிறகு சேமிப்பு.

கடன் முடிந்த பிறகு ஆசைப்பட்டால், வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மாதாமாதம் ரூபாவாக அனுப்பிவிட்டு மிச்சத்தை டொலர் எக்கவுண்டில் போடுங்கள். ஊரில் ரூபாவாகச் சேமிக்கும்போது ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைக்கும்தான் வைப்புக் காப்புறுதி. அதைத் தாண்டினால் இரண்டு வங்கியாகப் பிரியுங்கள். வட்டி கூடுதலாகத் தருகிறேன் என்று லயம் லயமாக வந்து காசு பிடிக்கிற பேர்வழிகளுக்கு மத்திய வங்கி அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வியோடு டை கட்டின தம்பி எழும்பிப் போய்விடுவார்.

கையில் நோட்டு மாற்றுவது

போகும்போது 50, 100 டொலர் கையில் இருந்தால் போதும். பாஸ்போர்ட், விசா, டிக்கெட்டோடு வங்கியில் கேளுங்கள். தெருவில் கூப்பிடுகிறவனிடம் மாற்றாதீர்கள். பணம் மாற்றும் கடை என்றால் மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் சுவரில் தொங்க வேண்டும், பற்றுச்சீட்டு தர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது கடையில்லை.

வரும்போது கட்டுநாயக்கவில் இறங்கி வெளியே வருகிற இடத்தில் வங்கிக் கவுண்டர்கள் வரிசையாக இருக்கும், இரவிலும் திறந்திருக்கும். நான்கையும் நடந்து பார்த்துவிட்டு மாற்றுங்கள். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் அங்கே மாற்றிவிட்டு, மிச்சத்தை உங்கள் கிளையில் போடலாம். கிழிந்த, பேனாவால் எழுதிய நோட்டுகளை எடுக்க மறுப்பார்கள். பழைய 100 டொலர் நோட்டுக்குச் சில இடங்களில் குறைத்தும் தருவார்கள். அங்கே வாங்கும்போதே புது நோட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

கடைசிப் படி: கணக்கு முடித்து வரும்போது

இங்கேதான் பலர் அவசரப்பட்டு இடறுவார்கள். விசாவை ரத்து செய்தவுடன் அந்த நாட்டு அடையாள அட்டை செல்லாது. அட்டை செல்லாவிட்டால் எக்ஸ்சேஞ்ச் கடையில் காசு அனுப்ப முடியாது. அப்புறம் கடைசிச் சம்பளமும் சர்வீஸ் காசும் (வேலை முடித்து வரும்போது வேலை பார்த்த வருஷங்களுக்காகக் கம்பெனி தருவது) கால்சட்டைப் பையில்தான் வரும். ஆகவே கம்பெனியில் முன்கூட்டியே பேசி, கணக்கு முடித்த காசு முதலில், விசா ரத்து அதன் பிறகு என்று ஒழுங்கு செய்யுங்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊரில் உள்ள உங்கள் டொலர் எக்கவுண்டுக்கே கம்பெனியை நேராக அனுப்பச் சொல்லுங்கள்.

சர்வீஸ் காசு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டு வைத்திருங்கள். துபாய்ப் பக்கம் தனியார் கம்பெனிகளில் முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அடிப்படை 1,200 திர்ஹம் என்றால் ஒரு நாளைக்கு 40, 21 நாளைக்கு 840, நான்கு வருஷத்துக்கு 3,360 திர்ஹம். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்பதைப் போகும்போதே பாருங்கள். அடிப்படையைக் குறைத்து, அலவன்ஸைக் கூட்டி எழுதுவது பழைய தந்திரம். மாதச் சம்பளத்தில் வித்தியாசம் தெரியாது, வருகிற நாளில்தான் தெரியும்.

பெட்டி கட்டுகிற இரவில் சில்லறையை எல்லாம் பொறுக்கி எடுத்து பால்மாவோ பேரீச்சம்பழமோ வாங்கி முடித்துவிடுங்கள். நாணயக் குற்றியை இங்கே எந்த வங்கியும் மாற்றாது. நான் மறந்து கொண்டுவந்த திர்ஹம் குற்றிகள் பதினேழு இன்னும் ஒரு ஜாம் போத்தலில் கிடக்கின்றன. அதில் அரபிகளின் கோப்பிக் கெண்டி ஒன்று அச்சடித்திருக்கும். மகள் அதைத் தேத்தண்ணிக் கேத்தல் என்று சொல்லிக் கடை வைத்து விளையாடுகிறாள்.